நோர்வேச் சித்தப்பாவின் வலது கை

1/
நீளமான இழை. ஆறுதலாக வாசியுங்கள்.

"டொக்டர், வெளிநாடு போகேக்க ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்கத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில நிக்கலாமோ?" என்று போன கிழமை ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டிருந்தார். நிற்கலாம். நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க ஏலாது. இரவில் கை விறைத்து எழும்புகிறவர்களுக்கு இதில் ஒரு மருத்துவச் செய்தியும் இருக்கிறது.

2/
2023 மார்ச். பொது மருத்துவத்தில் என் பயிற்சியின் கடைசிப் பகுதியை இங்கிலாந்தில் செய்துகொண்டிருந்தேன். ஊரில் ரூபா விழுந்த அடுத்த வருஷம். அறை வாடகையும் அம்மாவுக்கு அனுப்புவதும் போக மிஞ்சுவது கொஞ்சம். ஐந்து நாள் லீவு கிடைத்தது. தேடிப் பார்த்ததில் ஆக மலிவான விமான டிக்கட் ஒஸ்லோவுக்குத்தான். ஆனால் நான் தேடிய வரைக்கும் அங்கே ஒரு தனி அறை இரவுக்கு ஆயிரம் குரோனருக்குக் குறைய அகப்படவில்லை. முப்பதால் பெருக்கிப் பாருங்கள், ரூபாக் கணக்கு வரும்.

3/
அம்மாவிடம் சொன்னேன். "அங்க உன்ர சித்தப்பா இருக்கிறார் எல்லே?" என்றார்.

சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை. அப்பம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகன். 2003இல், சமாதான காலத்தில் ஊருக்கு வந்தபோது ஒருக்கால் கண்டது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு பெட்டி சொக்லேட்டும் ஒரு தடித்த ஜக்கெட்டும் தந்தார். யாழ்ப்பாண வெயிலுக்கு அந்த ஜக்கெட் உதவவே இல்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரு போன் இல்லை. இப்போது நிற்க இடம் தேவை என்றவுடன் போன். இந்த வெட்கம் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும்.

4/
அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எப்ப வாறாய்?" இவ்வளவுதான்.

இலங்கைப் பாஸ்போர்ட் என்றபடியால் ஷெங்கன் விசா வேண்டும். அப்போது கட்டணம் 80 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். சித்தப்பா அழைப்புக் கடிதத்தோடு, "இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு" என்கிற உத்தரவாதப் படிவத்தையும் நிரப்பி, பொலிஸில் முத்திரை குத்தி அனுப்பினார்.

அதில் இருந்த கையெழுத்து சின்னப் பிள்ளை எழுதியது போலக் கோணல்மாணலாக இருந்தது. கண்டேன். ஆனால் யோசிக்கவில்லை. விசா கிடைக்குமா என்பதில்தான் என் கவனம்.

5/
நோர்வேக்குத் தமிழர் எப்படிப் போனார்கள் என்று இளம் ஆட்களுக்குத் தெரிந்திராது. எங்களுக்கு நோர்வே என்றால் 2002 சமாதானப் பேச்சுத்தான் ஞாபகம். ஆனால் 1956இலேயே அன்ரனி ராஜேந்திரம் என்கிற யாழ்ப்பாணத்தவர் அங்கே போய் மீன்பிடித் தொழில் படித்தார். பிறகு ஊரில் 'சீ-நோர்' நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். எண்பதுகளில் அங்கத்தைய மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராகப் பல பெடியள் போனார்கள். பிறகு அகதிகளாகவும் போனார்கள். அவர்களில் கனபேர் வேலை தேடிப் போனது வடக்கு முனையில் இருக்கிற ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்கு. வார்டோ, ஹாமர்ஃபெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக் போன்ற ஊர்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியனே எழும்பாத இடங்கள்.

சித்தப்பா 1987இல் போனவர்.

6/
மலிவு டிக்கட்டில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். டிக்கட்டில் ஒஸ்லோ என்று இருந்தது. இறங்கிய இடம் சான்டெஃப்யூர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தோர்ப் விமான நிலையம். ஒஸ்லோவிலிருந்து சுமார் 110 கிலோமீற்றர்! கொழும்பு என்று சொல்லிக் காலியில் இறக்கிய கணக்கு. விமான நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்த என் பிழை. மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி பஸ்ஸுக்குப் போனது. நீங்கள் போனால் கார்டமோன் விமான நிலையமா என்று பாருங்கள். அங்கிருந்தும் விசேட விரைவு ரயிலில் ஏறாமல் சாதாரண ரயிலில் போனால் கிட்டத்தட்ட அரைவாசிக் காசுதான்.

7/
இரவு ஒன்பதரைக்கு ஒஸ்லோ பஸ் நிலையத்தில் இறங்கினேன். வெளியே பனி. சித்தப்பா ஒரு ஜக்கெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்கிலாந்து ஜக்கெட் இஞ்சத்தைக் குளிருக்குக் காணாது தம்பி. இதைப் போடு."

என் பெட்டியைப் பறித்து, கைப்பிடியை விரல்களால் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் கொளுவிக்கொண்டு நடந்தார். அதையும் கண்டேன். வயது போனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

வீடு கிழக்கு ஒஸ்லோவில், தமிழர் கனபேர் இருக்கிற குரோருட் பள்ளத்தாக்கில். சித்தி பிட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தா. நான் கொண்டுபோனது அம்மா அனுப்பியிருந்த பனங்கட்டியும் ஒடியல் மாவும். (இறைச்சி, பால் சாமான்கள் கொண்டுபோகாதீர்கள். சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.)

8/
காசு குறைவாக ஒஸ்லோ பார்க்க நினைப்பவர்களுக்கு:

ஒபேரா மண்டபத்தின் சரிவான கூரையில் ஏறி நடக்கலாம், இலவசம். வீகெலான் பூங்காவில் குஸ்தாவ் வீகெலான் செய்த இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள், இலவசம். ஆக்கர்ஷுஸ் கோட்டை வளவு, இலவசம். ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் சொங்ஸ்வான் ஏரி. 1957இல் வந்த சட்டப்படி காடு, மலை, ஏரிக்கரை எங்கும் எவரும் நடக்கலாம், டிக்கட் இல்லை. தண்ணிப் போத்தல் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணி நல்லது.

9/
சாப்பாடு? கடையில் ஒரு கோப்பிக்கு மட்டும் ரூபாக் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு. நோர்வேக்காரரே மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து பாண் துண்டு கட்டிக்கொண்டுதான் போவார்கள். துண்டுகளுக்கு நடுவில் வைக்கவென்றே தனிக் கடதாசி விற்கிறது. சித்தி அந்தக் கடதாசி வைத்து எனக்கும் கட்டித் தந்தா. ஒரு துண்டில் அவர்களுடைய மண்ணிறச் சீஸ், அடுத்த துண்டில் கட்டைச் சம்பல். சம்பல் துண்டைத்தான் முதலில் சாப்பிட்டேன்.

நாலு நாளும் சாப்பாட்டுக்கு நான் செலவழித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதைப் பெருமையாக நண்பர்களுக்கு மெசேஜ் போட்டதும் ஞாபகம் இருக்கிறது.

10/
இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிபோலத் தண்ணி குடிக்க எழும்பினேன். குசினியில் லைட் போடாமல் சித்தப்பா நின்றார். தேர்மோமீற்றரை உதறுவது போல வலது கையை உதறிக்கொண்டு நின்றார்.

"என்ன சித்தப்பா?"

"ஒண்டுமில்லைத் தம்பி. கை கொஞ்சம் விறைக்குது. உதறினால் போயிடும். நீ போய்ப் படு."

மருத்துவம் படித்த எவருக்கும் அந்த உதறல் தெரியும். நான் போய்ப் படுத்தேன், நித்திரை வரவில்லை. கோணல் கையெழுத்து. முழங்கையில் கொளுவிய பெட்டி. இரண்டு நாளும் மனுஷன் பிட்டைக் கரண்டியால் சாப்பிட்டது. 'நோர்வேக்காரராக மாறிட்டார்' என்று நான் மனதுக்குள் சிரித்திருந்தேன்.

11/
காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு "கையைத் தாங்கோ" என்றேன். "விடு, வயசு" என்றார். சித்தி விடவில்லை. "வீட்டில டொக்டர் வந்து நிக்கேக்க காட்டாமல் ஆருக்குக் காட்டப் போறியள்?"

உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். பெருவிரலின் அடியில் சதை மேடு ஒன்று இருக்கும். சித்தப்பாவின் வலது கையில் அந்த மேடு இல்லை. தட்டையாக, குழி விழுந்திருந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் பஞ்சால் தொட்டால் சரியாகத் தெரியவில்லை. சின்ன விரலில் நன்றாகத் தெரிந்தது. மணிக்கட்டை ஒரு நிமிஷம் மடித்துப் பிடிக்கச் சொன்னேன். நிமிஷம் முடிய முன்னமே விறைக்கிறது என்றார்.

12/
இதற்குப் பெயர் காப்பல் டனல் நோய்க்குறி. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவில் ஒடுங்கிய பாதை ஒன்று இருக்கிறது. விரல் மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்ளால்தான் போகும். அங்கே வீக்கம் வந்தால் முதலில் நசிபடுவது நரம்பு. தொடக்கத்தில் இரவில் விறைப்பு. பிறகு பகலிலும். கன வருஷம் விட்டால் பெருவிரல் தசை கரையும். கரைந்த தசை முழுதாகத் திரும்பி வருவது கஷ்டம்.

ஒரே அசைவை நாள் முழுக்கப் பலமாகச் செய்கிற வேலை, குளிர், நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கர்ப்பகாலம் எல்லாம் இதற்கு வழி விடும். சித்தப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருந்தது. இலங்கை, பாகிஸ்தான் வழி வந்தவர்களில் நீரிழிவு கூட என்று ஒஸ்லோவில் செய்த ஆய்வுகளே சொல்கின்றன.

13/
"என்ன வேலை செய்தனீங்கள்?" என்றேன். ஒரு நோயாளியிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி.

சொன்னார். மெஷின் வெட்டித் தள்ளுகிற மீன் துண்டு வெளிச்ச மேசைக்கு வரும். கீழே இருந்து வெளிச்சம் அடிக்கும். முள்ளும் புழுவும் தெரிகிற இடத்தைக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். ஐஸ் போல மீன், ஈரக் கையுறை, நின்ற நிலை. கத்தி வலது கையில். 1988இலிருந்து 2014 வரை.

"விறைப்பு எப்ப தொடங்கினது?"

"2006."

"டொக்டரிட்டப் போகேல்லையோ?"

"போனனான்."

14/
அந்தக் கதை இதுதான். சித்தப்பாவுக்குத் தெரிந்தது தொழிற்சாலை நோர்வே மொழி. கத்தி, பெட்டி, கிலோ, ஷிப்ட். வருத்தம் சொல்லுகிற சொற்கள் தெரியாது. ஆகவே பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "டொக்டரிட்டச் சொல்லு பிள்ளை, அப்பாக்கு ராவில கை விறைக்குதாம் எண்டு."

எங்கள் தமிழில் 'விறைக்குது' என்றால் என்ன? மரத்துப் போனாலும் விறைப்புத்தான், குளிரில் நடுங்கினாலும் விறைப்புத்தான். பனிக்குள் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவதுதான் தெரியும். "அப்பாவுக்கு இரவில் கை குளிருதாம்" என்று மொழிபெயர்த்திருக்கிறது.

தடித்த கையுறை போடச் சொல்லி அனுப்பினார் டொக்டர். அவரில் நான் பிழை சொல்ல மாட்டேன். அவர் கேட்டதற்கு அது சரியான பதில். பிள்ளையிலும் பிழை இல்லை.

15/
"சரி, அதுக்குப் பிறகு ஏன் திரும்பப் போகேல்லை?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "போனால் சுகயீன லீவு எழுதிப் போடுவாங்கள்."

நோர்வேயில் வருத்தம் என்று லீவு எடுத்தால், ஒரு உச்சவரம்புக்குள், ஒரு வருஷம் வரை முழுச் சம்பளமும் வரும். உலகத்திலேயே நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. பிறகேன் பயம்?

"சம்பளம் வரும் தம்பி. ஓவர்டைம் வராது. சம்பளம் இஞ்சத்தை வீட்டுக்குச் சரி. ஊருக்கு அனுப்பினது ஓவர்டைம் காசு."

16/
2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டினது யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மறக்காது. சாமான் விலை ஏறின ஏற்றமும் மறக்காது. அப்பாவுக்கு ஒரு சின்னச் சைக்கிள் திருத்துகிற கடை. ரியூப்பும் ரயரும் வராமல் அது கிட்டத்தட்டப் பூட்டின மாதிரி. ஆனால் என் உயர்தர ரியூஷன் ஒரு மாதமும் நிற்கவில்லை. மாதாமாதம் உண்டியலில் காசு வந்தது. 'வெளிநாட்டுக் காசு' என்பார் அப்பா. கனடாவில் இருக்கிற மாமா அனுப்புகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகம் கிடைத்தபோது மாமாவுக்குத்தான் போன் எடுத்து நன்றி சொன்னேன். அவரும் "சரி சரி, நல்லாப் படி" என்றார்.

17/
"ஊரில ஆருக்குச் சித்தப்பா அனுப்பினனீங்கள்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சித்திதான் சொன்னா. "அவற்ர அக்கா வீட்டுக்கு. என்ர அம்மாவுக்கு. பிறகு உங்கட வீட்டுக்கு. நீர் ஏ.எல். எடுக்கும் வரைக்கும். மாதம் ஆயிரம் குரோனர்."

அன்றைய கணக்கில் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபா.

நான் அவருடைய கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் வரலாறு கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க என் வரலாறு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

18/
அன்று பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சனான்."

அவ்வளவுதான். பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. எவரும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை. அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருக்கலாம். அவரும் போய்விட்டார்.

சித்தப்பாவிடம் நன்றி என்று தொடங்கினேன். "அது சின்னக் காசு, விடு" என்று வெட்டிவிட்டார். அவர் சொன்னது பணிவு இல்லை. உண்மையாகவே அவருக்கு அது கணக்கில் இல்லை.

19/
நன்றி சொல்ல விடாதவருக்கு வேலை ஒன்றைத்தான் செய்யலாம். எனக்கு நோர்வேயில் வைத்தியம் செய்ய அனுமதி இல்லை. மருந்து எழுதவில்லை. ஆனால் கண்டதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதினேன்: எந்த விரல்கள், எத்தனை வருஷம், என்ன வேலை, தசை எந்த அளவு கரைந்திருக்கிறது, நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்பும்படி வேண்டுகோள். அங்கே 2001இலிருந்து ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு குடும்ப வைத்தியர் இருப்பார். அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொன்னேன். 2022 தொடக்கத்திலிருந்து அங்கே மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மொழி விளங்காமல் சரியான வைத்தியம் கிடைக்காது என்றால் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது ஆஸ்பத்திரியின் கடமை. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக்கூடாது.

"முப்பத்தாறு வருஷம் இஞ்ச இருந்திட்டு மொழிபெயர்ப்பாளர் கேக்கிறது வெக்கம் தம்பி" என்றார். நானும் இருபது வருஷத்துக்குப் பிறகு நிற்க இடம் கேட்ட வெட்கத்தோடுதான் வந்தேன் என்றேன். சிரித்தார்.

20/
மகள் வேறு நகரத்தில் வேலை. இரவு வீடியோவில் வந்தா. 'விறைக்குது' கதையைக் கேட்டு முதலில் சிரித்தா. பிறகு அழுதா. "எனக்கு அந்தச் சொல் தெரியேல்ல அண்ணா." பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று சொன்னேன். அதை அவ ஏற்றுக்கொண்டாவோ தெரியாது.

21/
முடிவு என்ன? நரம்புச் சோதனையில் கடுமையான பாதிப்பு என்று வந்தது. 2023 கடைசியில் வலது கைக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். உள்ளூர் மயக்க மருந்தில் செய்கிற சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு விட்டார்கள். இப்போது இரவில் எழும்புவதில்லை. சேர்ட் பொத்தான் போடுகிறார். பிட்டைக் கையால் சாப்பிடுகிறார் என்று சித்தி படம் அனுப்பினா.

பெருவிரல் மேடு திரும்பி வரவில்லை. வராது. 2006இல் கண்டிருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கும். இதை நான் இனிப்பாகச் சொல்ல விரும்பவில்லை.

22/
மருத்துவச் செய்தி:

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்து, உதறினால் குறைகிறதா? சின்ன விரலில் இல்லையா? மாதக்கணக்கில் விடாதீர்கள். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கிற பட்டி போட்டாலே பலருக்குக் குறையும். அதற்கும் குறையாவிட்டால் ஊசி, பிறகு சத்திரசிகிச்சை. சீனியும் தைரொயிட்டும் பார்க்க வேண்டும். வைத்தியரிடம் 'விறைப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள். தொட்டால் தெரியவில்லையா, ஊசி குத்துவது போலவா, குளிருதா, பிடிப்பு இல்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஆனால் திடீரென்று ஒரு பக்கக் கை கால் விறைத்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அது வேறு வருத்தம். பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

23/
இனிக் கேள்வி கேட்ட தம்பிக்கு. தாராளமாய்ப் போய் நில்லும். ஆனால் போக முன்னம் வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் ஒரு கேள்வி கேளும்: "இவர் எங்களுக்கு என்ன செய்தவர்?" எனக்குப் போலத் தெரியாமல் போய் நிற்க வேண்டாம். அங்கே போனால் ஒரு நேரமாவது குசினியில் நின்று கோப்பை கழுவும். கழுவிக்கொண்டே அவர்களுடைய உடம்பைப் பற்றிக் கேளும். பிரஷர், சீனி, கை, கால், நித்திரை. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அவர்களிடம் வீடு எவ்வளவு, கார் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். உடம்பைக் கேட்கிற ஆட்கள் குறைவு.

24/
இதை எழுதச் சித்தப்பாவிடம் கேட்டேன். "பேரும் தொழிற்சாலை இருந்த ஊரும் போடாத. மிச்சத்தை எழுது, ஆருக்கும் உதவும்" என்றார்.

திரும்பி வரும்போது அந்த ஜக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "வச்சிரு. அடுத்த முறை வரேக்க போட்டுக்கொண்டு வா. டிக்கட் எடுக்க முன்னம் எனக்குப் போன் எடு, எந்த விமான நிலையம் எண்டு நான் பாக்கிறன்."

வாற மார்ச்சுக்கு டிக்கட் போட்டிருக்கிறேன். கார்டமோனுக்குத்தான்.